ஆண்பிள்ளைக்கு வைத்த சுமைதாங்கி

1. நிற்கிற வேலை

நான் கல் வேலைக்காரன். பாறை பிளந்திருக்கிறேன், மதகு கட்டியிருக்கிறேன், கோப்பி ஸ்டோர்களுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறேன். ஆனால் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலைக்கு உளியும் தேவைப்படவில்லை, சம்மட்டியும் தேவைப்படவில்லை. கண்டிச் சீமையில், வத்தேகமவிலிருந்து பன்விலப் பக்கம் ஏறுகிற ரோட்டில், நானே நட்ட ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "இது பொம்பளைக்கு வெச்ச கல்லு இல்லை, ஆம்பளைக்கு வெச்சது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு.

முதல் நாள் நல்ல மழை. சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு நின்றேன். காலில் அட்டை ஏறுகிறது, உதறுகிறேன், மறுபடி ஏறுகிறது. முதலில் வந்தவன் ஒரு கங்காணி. ஆட்களுக்கு முன்னால் குடை பிடித்து நடந்து வந்தவன் என்னைப் பார்த்து நின்றான்.

"என்னப்பா, கல்லுக்குக் காவலா? இதை எவன் தூக்கிட்டுப் போகப்போறான்?"

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"ஆம்பளைக்குச் சுமைதாங்கியா!" என்று குலுங்கிச் சிரித்தான். "அந்த ஆம்பளைக்கு அப்போ எத்தனை மாசமாம்?"

பின்னால் வந்த ஆட்களும் சிரித்தார்கள். அவன் குடையைப் பிடுங்கி முறித்துப்போட வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவன் கேட்டதில் என்ன தப்பு? எங்கள் ஆட்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

இன்று தேயிலை ஸ்டோர் கட்டப் போகிற பையன்களுக்கு இந்தச் சிரிப்பு விளங்காது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

2. கமிட்டிக்காரர்களின் சண்டை

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் பாதித் தோட்டங்களுக்கு வண்டி போகாது. வண்டி ரோடு முடிகிற இடத்தில் அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றினால், மலை ஏறித் தோட்டத்தில்தான் இறக்க வேண்டும். கீழே வரும்போது கோப்பி மூட்டை. ஆணும் பெண்ணும் இதே கதைதான்.

அந்தப் பக்கத்துத் துரைமார் பலர் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய வேதத்தைச் சீர்திருத்தியவர் ஒரு பெரிய குரு. சீமையில் வெகு காலத்துக்கு முன் இருந்தவராம். அவர் பெயரை என் கையாலேயே கல்லில் வெட்டினேன், ஆனால் இன்று வரை என் வாயில் நுழையவில்லை. நாங்கள் பெரிய பாதிரியார் என்போம். அவருக்கு ரோட்டோரத்தில் ஒரு ஞாபகச் சின்னம் வைக்க வேண்டும் என்று துரைமார் கமிட்டி போட்டார்கள்.

பீடத்துக்குக் கல் எங்கே எடுக்கலாம் என்று கேட்க என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து ஒரே சண்டை. கமிட்டிக்குத் தலைவரான துரை மேசையில் குத்துகிறார். கண்டியிலிருந்து மட்டக்குதிரையில் வந்திருந்த பாதிரியார் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். பாதிரியார் ஒல்லியான மனிதர், கல்யாணம் ஆகாதவர். இந்தியாக் கரையில் புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். மாட்டுக்காரனைக் கூட 'நீர்' என்றுதான் சொல்லுவார்.

சண்டை என்ன என்று பிறகு அவரே எனக்குச் சொன்னார். துரைக்குச் சீமையிலிருந்து வெண்கலச் சிலை வர வேண்டும். தாடி, அங்கி, கையில் புத்தகம், எல்லாம் இருக்க வேண்டும். பாதிரியாருக்கு அது ஆகாது.

"கோயில்களில் இருந்த சிலைகளை வெளியே எடுத்துப் போட்டவர் அவர். அவரையே நாம் சிலையாக்கினால் நியாயமா, நீர் சொல்லும்?" என்று என்னைக் கேட்டார்.

நான் என்ன சொல்ல? "நியாயம் இல்லைங்க ஐயா" என்றேன்.

"உங்கள் தேசத்தில் உருவம் இல்லாமல், வழிப்போக்கருக்குப் பிரயோஜனமாக, சாலையோரத்தில் என்ன கல் வைப்பீர்கள்?"

"சுமைதாங்கி வைப்போம் ஐயா."

கையால் காட்டிச் சொன்னேன். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். தலையில் இருக்கிற மூட்டையைக் குனியாமல் அப்படியே தள்ளி வைக்கலாம். திரும்ப ஏற்றவும் யாருடைய கையும் வேண்டாம். கூட ஆள் வந்தால் அவர் பிடித்து இறக்குவார். தனியாக வருகிறவருக்குத்தான் இந்தக் கல்.

பாதிரியாரின் முகம் மலர்ந்துவிட்டது. பாரம் சுமக்கிறவர்களைப் பற்றி அவர்கள் வேதத்திலும் வசனம் இருக்கிறதாம். நான் அதோடு நிறுத்தவில்லை. மறைத்து வேலை வாங்குகிற புத்தி எனக்கு இல்லை. யாருக்காக வைப்பது என்பதையும் சொன்னேன்.

"பிள்ளை வயித்தோட செத்துப்போன பொம்பளை பேருல வைக்கிறது ஐயா. அவ பாரத்தை எறக்காமலே போயிட்டா. வழியில போறவங்க எறக்கி வெக்கிறப்போ அவளுக்கும் கொஞ்சம் எறங்கும்னு நெனப்பு."

"அந்த நினைப்பு உங்களோடு இருக்கட்டும். கல் நல்ல கல்" என்றார் அவர். துரைக்கு மனமில்லை. ஆனாலும் வெண்கலம் கப்பலேறி வந்து சேருமுன் அவர் புதிதாக நட்ட கோப்பிக் கன்றே காய்த்துவிடும் என்று மற்றவர்கள் சொன்னதால் ஒத்துக்கொண்டார். மொத்தமாகக் காசு பேசி, வேலையை என்னிடம் கொந்தறப்பாக விட்டார்கள்.

என் பெண்டாட்டியை நினைத்துத்தான் சுமைதாங்கி என்று சொன்னாயா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். வேறு யாரை நினைப்பேன்?

3. செல்லாயி

இந்தியாக் கரையிலிருந்து கடல் தாண்டி வந்து, மன்னார்க் காட்டு வழியாக நடந்துதான் எல்லோரும் கண்டிச் சீமைக்கு வந்தோம். என் பெண்டாட்டி செல்லாயிக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். ஊரிலேயே இரு என்றேன். "நீங்க இல்லாம நான் அங்க யார் மூஞ்சியைப் பார்க்கிறது?" என்று கிளம்பிவிட்டாள். என் உளி மூட்டையையும் அவள்தான் தலையில் வைத்துக்கொண்டாள். நான் அரிசி சுமந்தேன்.

மாத்தளைக்கு வந்து சேருமுன் காட்டில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கங்காணி நிற்கமாட்டேன் என்றான். நின்றால் எல்லாரும் சாக வேண்டியதுதான், உன் பெண்டாட்டி ஒருத்திக்காக முப்பது பேரைக் கொல்லவா என்றான். நாங்கள் இரண்டு பேரும் பின்தங்கினோம். மறுநாள் அவள் போய்விட்டாள். உளியாலும் கையாலுமாகக் குழி தோண்டி, ரோட்டோரம் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு, அவள் சுமந்த மூட்டையை நானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

மூட்டைக்குள் உளி இருந்தது, சம்மட்டி இருந்தது. சுற்றிலும் கல் இருந்தது. ஒரு கல் நட்டுவிட்டு வர எனக்குத் தெம்பு இல்லை. பிறகு ஒரு தடவை தேடிப் போனேன். காடு மூடிவிட்டது. எந்த மரம் என்று தெரியவில்லை. ஊருக்கு எழுதி, அண்ணனை அங்கே ஒரு சுமைதாங்கி வைக்கச் சொன்னேன். அவனும் வைக்கவில்லை. இங்கே நானாக வைக்கலாம் என்றால் ரோடு கவர்மெண்டுக்கு, ரோட்டின் இரண்டு பக்கமும் துரைக்கு. எனக்கு ஒரு முழம் இடம் ஏது? ஊரெல்லாம் கல் நட்டவன் நான், என் பெண்டாட்டிக்கு ஒரு கல் இல்லை. வத்தேகமக் கடைத்தெருவில் ஒரு கடைக்குப் பின்னால் தனியாகப் படுத்துக் கிடந்த காலமெல்லாம் இது ஒன்றுதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

4. கல் நட்டோம், பேச்சு முளைத்தது

ரோட்டு வளைவுக்கு மேலேயே நல்ல பாறை இருந்தது. வரிசையாகக் குழி போட்டு, இரும்பு ஆப்பு இறக்கி, மாற்றி மாற்றி அடித்துப் பிளந்தோம். உருளை மரம் போட்டுக் கீழே கொண்டுவந்தோம். பலகைக் கல்லை மேலே ஏற்ற மண்ணைக் குவித்துச் சரிவு கட்டி உருட்டினோம். உயரத்துக்கு மட்டும் நான் அளவுகோல் எடுக்கவில்லை. செல்லாயி தலைச்சுமையோடு வந்து நின்றால் எது சரியாக இருக்குமோ அந்த உயரத்தில் நிறுத்தினேன்.

காகிதத்தில் வரைந்து கொடுத்த இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து முகப்பில் வெட்டினேன். துணி போட்டு மூடித் திறந்தார்கள். துரைசானிமார் பாட்டுப் பாடினார்கள். பாதிரியார் ஜெபம் செய்தார். எல்லோரும் பங்களாவுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அடுத்த நாளே பெண்கள் மூட்டை இறக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் சுமைதாங்கி தெரியும். சுமைதாங்கி என்றால் ஒரு பெண் செத்திருக்க வேண்டும். யார் வைத்தது? வெள்ளைக்காரர். அப்படியானால் செத்தவள் வெள்ளைக்காரி. இதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பத்து நாளில் கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது. மேல் தோட்டத்துத் துரையின் இளம் பெண்டாட்டி என்றார்கள். தலைப்பிள்ளை என்றார்கள். குதிரையிலிருந்து விழுந்தாள் என்று பார்த்த மாதிரியே சொன்னாள் ஒருத்தி.

நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் சாயங்காலம் அந்தப் பக்கம் ஒரு நடை போய் எதிரில் உட்கார்ந்துகொள்வேன். மூட்டையைத் தள்ளி வைத்து, கழுத்தைத் தடவிக்கொண்டு, கல்லைத் தொட்டு, "பாவம், மகராசி! எறக்க முடியாமலே போயிட்டியே" என்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் நான் போவேன். அவர்கள் யாரோ வெள்ளைக்காரியைச் சொன்னார்கள். எனக்கு அது செல்லாயிக்குச் சொன்னதாகத்தான் காதில் விழுந்தது. அவள் செத்த பிறகு அவளுக்காக யாரும் பாவம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு கிழவியின் நல்ல மனசு. பாதிரியார் மட்டக்குதிரையில் அந்தப் பக்கம் வந்தபோது, கல்லடியில் நின்றவள் கும்பிட்டுவிட்டு, "சாமி, செத்துப்போன அந்த அம்மா உங்களுக்கு என்ன வேணும்? சம்சாரமா, கூடப் பொறந்ததா?" என்று கேட்டுவிட்டாள்.

பாதிரியார் திகைத்துப்போய், எந்த அம்மா என்று கேட்டிருக்கிறார். முழுக் கதையும் வந்துவிட்டது. அவர் காதுக்கு வந்தது துரை காதுக்குப் போகாமல் இருக்குமா? என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். துரையின் முகம் கோப்பிப் பழம் மாதிரி சிவந்திருந்தது.

"கல்லு உடை! நாளைக்கு உடை! நீ உடை!" என்று கத்தினார். "பெரிய மனுசன் பொம்பளை ஆக்கிச்சு நீ! கர்ப்பிணி ஆக்கிச்சு!"

பாதிரியார்தான் தடுத்தார். "இடிக்க வேண்டாம். ஜனங்கள் அறியாமல் சொல்கிறார்கள். அறிவித்தால் போதும்."

"யாரு அறிவிக்கும்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். முதல் நாள் மழையில் நான் அங்கே நின்ற கதை இதுதான்.

5. யாரும் இறக்காத கல்

வேலை என்று ஒப்புக்கொண்டால் நான் ஒழுங்காகச் செய்கிறவன். வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் என்னைப் பைத்தியம் என்றார்கள். ஒருத்தி சண்டைக்கே வந்தாள். "ஆம்பளைக்கு எதுக்குய்யா சுமைதாங்கி? அவரு என்னத்தைச் சுமந்தாரு, என்னத்தை எறக்கினாரு?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாளில் சிரிப்பும் நின்றது. துரைமாருடைய பெரிய குருவின் கல் என்று தெரிந்ததும் கங்காணிமார் ஆட்களை மிரட்டி வைத்துவிட்டார்கள். மூட்டையை வைத்து அழுக்காக்கினால் தோலை உரிப்பார்கள் என்று பேச்சு. அப்புறம் ஒருவரும் இறக்கவில்லை. கல்லைக் கண்டதும் ரோட்டின் அந்த ஓரமாக ஒதுங்கி, கழுத்து நரம்பு புடைக்க, மூட்டையோடு ஏறிப் போனார்கள். என் முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

நான் நின்றேன். பனி வந்து மூடும், விலகும், மறுபடி மூடும். பேச ஆள் இல்லை. சாயங்காலம் காதில் விழுந்துகொண்டிருந்த அந்த "பாவம் மகராசி"யும் போயிற்று. என் வாயாலேயே அதை விரட்டியிருந்தேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த தனிமை, அவளைக் காட்டில் வைத்துவிட்டு வந்தபோது கூட இருந்ததில்லை. அன்றைக்குத் தலையில் மூட்டையாவது இருந்தது.

பாதிரியார் ஒரு நாள் வந்து மட்டக்குதிரையை விட்டு இறங்கினார். ஒரு மூட்டை கூட இறங்காததைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஏன் ஒருவரும் சுமையை இறக்கவில்லை?"

"நீங்க சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன் ஐயா. அதனாலதான்."

"மெய்யைச் சொன்னால் உபயோகம் இல்லாமல் போகுமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. செல்லாயி கதையை அவரிடம் கொட்டிவிட்டேன். காடு, காய்ச்சல், மரத்தடி, எல்லாம். "ஒரு பொம்பளை பேரு வேணும் ஐயா இந்தக் கல்லுக்கு. இல்லாத வெள்ளைக்காரி எதுக்கு? என் பொண்டாட்டி பேரைச் சொல்லிடறேன். உங்க பெரிய குரு எழுத்துல இருக்கட்டும். இவ பேச்சுல இருந்துட்டுப் போகட்டும்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் அதற்குச் சம்மதிக்கக் கூடாது" என்றார். "உயிரோடு இருப்பவர் செய்கிற கிரியை இறந்தவரைச் சேராது என்று போதித்தவர் அவர். அவருடைய கல்லையே நீர் அந்தக் கிரியைக்குக் கேட்கிறீர். உம்முடைய மனைவி கர்த்தர் கையில் இருக்கிறாள். அவளுக்கு இந்தக் கல் தேவையில்லை."

"அவளுக்குத் தேவையில்லாட்டிப் போகுது ஐயா. எனக்குத் தேவை! நான் என்ன பண்றது?" என்று கத்தியே விட்டேன். பாதிரியாரிடம் யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள். அவர் கோபிக்கவில்லை.

6. கேட்டவளுக்குச் சொன்னது

அப்போதுதான் கீழ் வளைவில் ஒருத்தி தெரிந்தாள். அவளுடைய ஆட்கள் எப்போதோ ஏறிப் போயிருந்தார்கள். தனியாக வந்தாள். தலையில் அரிசி மூட்டை. ஒரு கை மூட்டையில், ஒரு கை வயிற்றில். ஏழு, எட்டு மாதம் இருக்கும். நாலு எட்டு வைப்பாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள். கல்லைக் கண்டதும் மற்றவர்கள் மாதிரியே அந்த ஓரத்துக்கு ஒதுங்கினாள்.

பாதிரியாரே முன்னால் போனார். "அம்மா, சுமையை இதன்மேல் இறக்கி வையும்."

"வேணாங்க சாமி. தொரைமாரு கல்லு. கங்காணி கண்டா அடிப்பாரு."

"யாரும் அடிக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்."

"வேணாங்க சாமி." அவள் கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. பாதிரியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

"எறக்கு தாயி" என்றேன். "இந்தக் கல்லை நட்டவன் நான். என் பொண்டாட்டியை நெனச்சு நட்டேன். பேரு செல்லாயி. ஏழு மாசம். மாத்தளை வழியில, காட்டுல போயிட்டா."

அவள் என்னை நம்பவில்லை. மூட்டையோடு மெதுவாகத் திரும்பிப் பாதிரியாரைக் கேட்டாள். "மெய்தானா சாமி?"

இல்லை என்று அவர் சொன்னால் அவள் போய்விடுவாள். ஆமாம் என்று சொன்னால் அவர் தன் வேதத்துக்கே விரோதமாகச் சொன்னது ஆகும். அவர் பொய் சொல்லுகிற மனிதரும் இல்லை.

"இவர் மனைவியின் பெயர் செல்லாயி" என்றார் பாதிரியார். "பிள்ளையோடு மரித்தாள். இவர் அவளை நினைத்துத்தான் இதைக் கட்டினார். இதெல்லாம் மெய்."

அவள் கல்லிடம் வந்தாள். குனியாமல் மூட்டையைப் பலகைக் கல்மேல் தள்ளினாள். உயரம் சரியாக இருந்தது. மூச்சை விட்டாள். கழுத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு கல்லைத் தொட்டு, "செல்லாயி, நான் எறக்கிட்டேன். நீயும் எறக்கிக்க தாயி" என்றாள்.

நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். காட்டில் அழாததை அங்கே அழுதேன். வெட்கமாக இல்லை. பாதிரியார் மட்டக்குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

அவள் இளைப்பாறிப் போனபின் அவர் ஏறிக்கொண்டார். "நாளை முதல் நீர் இங்கே நிற்க வேண்டாம்" என்றார்.

"வேலை போச்சுங்களா ஐயா?"

"நீர் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று."

கமிட்டியிடம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கல்லை யாரும் இடிக்கவில்லை. அந்தப் பெண் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், கொஞ்ச நாளில் மறுபடி மூட்டைகள் இறங்கின. பெண்கள் செல்லாயி கல் என்றார்கள். துரைமார் அவர்கள் குருவின் பெயரைச் சொன்னார்கள். பிறகு கோப்பிக்கு நோய் வந்து, அந்தத் துரைமாரும் போனார்கள்.

தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். யாருக்காகச் செய்கிறாய் என்று வேலைக்காரனை யாரும் கேட்க மாட்டார்கள். நாமாகச் சொல்ல வேண்டும், வாயைத் திறந்து, பெயரோடு. அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு காலம் பிடித்தது.

அந்தப் பெண் மூட்டை இறக்கிய அன்று சாயங்காலம் வத்தேகமவுக்குத் தனியாகத்தான் இறங்கினேன். பனி மூடியிருந்தது. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் இல்லை. "செல்லாயி" என்று ஒரு தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு நடந்தேன்.